ஜிஎல்பிஐ-யை ஆக்டிவ் டைரக்டரியோடு இணைப்பது: தம்பிக்குப் போனில் சொன்னபடி

எங்கள் நூற்பாலைக்குக் கோவையில் தலைமை அலுவலகம், உடுமலைப் பக்கம் இரண்டாவது யூனிட். இங்கே கணினிப் பிரிவில் நான், அங்கே ஒரு தம்பி. பிரிண்டர் ஓடவில்லை, மெயில் வரவில்லை, தறி அளவீட்டு மெஷின் பக்கத்து கம்ப்யூட்டர் எழவில்லை என்று வரும் புகார்களை எல்லாம் ஜிஎல்பிஐ என்ற இலவச மென்பொருளில் டிக்கெட்டாகப் பதிகிறோம். முதல் வருடம் அதில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், தனி பாஸ்வேர்ட் கொடுத்து வைத்திருந்தேன். டிக்கெட் போட வருபவர்களில் பாதிப் பேர் "பாஸ்வேர்ட் மறந்துபோச்சு" என்று போனில்தான் வந்தார்கள். காலையில் விண்டோஸில் நுழையும் அதே பெயர், அதே பாஸ்வேர்டால் இதிலும் நுழையட்டும் என்று, எல்லோருடைய விண்டோஸ் லாகினையும் பாஸ்வேர்டையும் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு இணைத்தேன். அப்புறம் இரண்டாவது யூனிட்டில் தம்பி அதையே செய்ய வேண்டி வந்தது. போனில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கட்டங்களின் பெயர்தான் மாறும், கேள்விகள் மாறாது.

முதலில், திரையைத் தொடாதே என்றேன். டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் முறைக்கு எல்டாப் என்று பெயர். ஜிஎல்பிஐ-யின் எல்டாப் திரையைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். தெரிந்ததை நிரப்பி, தெரியாததை ஊகித்து, டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் தோற்றுவிட்டதாகச் சிவப்பில் ஒரு வரி வரும். ஏன் தோற்றது என்று சொல்லாது. டைரக்டரியிடம் நேராகப் பேசினால் காரணத்தை எண்ணோடு சொல்லும். ஜிஎல்பிஐ ஓடும் டெபியன் லினக்ஸ் சர்வரில் எல்டாப்-யூடில்ஸ் என்ற பொதியை நிறுவிக்கொண்டு, எல்டாப்சர்ச் கட்டளையில் மூன்று கேள்விக்குப் பதில் வாங்க வேண்டும். யார் பெயரில் போய்க் கேட்கிறோம்? எந்த இடத்தில் தேடுகிறோம்? ஆளை எந்த அடையாளத்தால் பிடிக்கிறோம்?

யார் பெயரில் என்பதில் ஜிஎல்பிஐ ஒரு குழப்பம் பண்ணுகிறது. அந்தக் கட்டத்துக்கு ரூட்டிஎன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரூட் என்றதும் தம்பி, டொமைன் என்ற நம் விண்டோஸ் வலையமைப்பு முழுவதற்கும் அதிகாரம் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டரின் பெயரைப் போடப் போனான். வேண்டாம். பெயர், மெயில், குழு போன்றவற்றைப் படிக்க, டொமைனில் உள்ள எந்தச் சாதாரண யூசருக்கும் வழக்கமாக அனுமதி உண்டு. இதற்கென்று, ஆளுக்கு அல்லாமல் மென்பொருளுக்கான ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்குங்கள், வேறு எந்தக் குழுவிலும் சேர்க்காதீர்கள். நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள், அந்த அக்கவுண்டால் யாரும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நுழைய முடியாதபடி பாலிசியில் தடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். விண்டோஸ் டொமைனில் பாஸ்வேர்டின் ஆயுள், யாரும் மாற்றாவிட்டால், 42 நாள். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நான் மறந்திருந்த ஒரு திங்கட்கிழமை காலை, ஒருவராலும் ஜிஎல்பிஐ-யில் நுழைய முடியவில்லை. அவரவர் பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருந்தது. செத்துப்போனது சர்வீஸ் அக்கவுண்டின் பாஸ்வேர்ட். காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், சரியாக 42. ஆகவே அந்த ஒரு அக்கவுண்டுக்கு மட்டும் காலாவதி ஆகாது என்று டிக் போட்டுவிட்டு, வருடம் ஒரு முறை நானே மாற்றுவதாக நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது, பாதை. எல்டாப்புக்கு இரண்டு வாசல் (போர்ட்): 389 திறந்த வாசல், 636 மறையாக்கம் செய்த வாசல். 389-இல் அப்படியே இணைத்தால் வேலை செய்தாலும் செய்யும், அதுதான் ஆபத்து. நான் சோதனைக்காக 389-இல் இணைத்துவிட்டு, வயர்ஷார்க்கில் அந்தப் போக்குவரத்தைப் பிடித்துப் பார்த்தேன். பைண்ட் (பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைவது) என்ற வரியை விரித்தால் என் பாஸ்வேர்ட், நான் வைத்த ஆச்சரியக்குறி உட்பட, எழுத்து எழுத்தாகக் கிடந்தது. அதைப் படம் பிடித்து, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மேலாளருக்கு அனுப்பினேன். 636-க்கு சான்றிதழ் ஏற்பாடு செய்ய இரண்டு நாள் கேட்டிருந்தேன், அன்றைக்கே கிடைத்தது.

சான்றிதழில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் இதை மெதுவாகச் சொல்கிறேன். ஆக்டிவ் டைரக்டரி ஓடும் விண்டோஸ் சர்வரான டொமைன் கன்ட்ரோலரிடம் அதன் பெயருக்கு ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும். உங்கள் ஆபீஸில் விண்டோஸ் சான்றிதழ் சர்வர் இருந்தால் அது பெரும்பாலும் தானாகவே வந்திருக்கும். அந்தச் சான்றிதழைக் கொடுத்தது யார் என்பதை லினக்ஸ் சர்வர் நம்ப வேண்டும், அதற்கு ரூட் சான்றிதழைக் கொண்டுவந்து இங்கே வைக்க வேண்டும். விண்டோஸில் எக்ஸ்போர்ட் செய்யும்போது முதலில் காட்டுவது டெர் வடிவம். அதை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள பேஸ்-64 என்பதைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேடில் திறந்தால் "பிகின் சர்டிஃபிகேட்" என்று ஐந்து கோடுகளோடு தொடங்க வேண்டும். அந்தக் கோப்பை யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர், சிஏ-சர்டிஃபிகேட்ஸ் என்ற வரிசையில் உள்ள அடைவில் போட்டு, அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் கட்டளையை ஓட்டுங்கள். முடிவில் ஒன்று சேர்ந்தது என்று சொல்லும்.

தம்பி ஓட்டினான், பூஜ்யம் சேர்ந்தது என்று வந்தது. மறுபடி ஓட்டினான், மறுபடி பூஜ்யம். "அக்கா, ஃபைல் அங்கேதான் இருக்கு" என்கிறான். கோப்பின் வால் என்ன என்று கேட்டேன். பெம் என்றான். அந்தக் கட்டளை சிஆர்டி என்று முடியும் கோப்புகளை மட்டுமே பார்க்கும், மற்றதை வாய் திறக்காமல் தாண்டிப் போய்விடும். பெயரை மாற்றினான், ஒன்று சேர்ந்தது. அப்புறம் ஜிஎல்பிஐ-யை ஓட்டும் வெப் சர்வரான அப்பாச்சியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஜிஎல்பிஐ-யின் நிரலை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் தனியாக ஓடினால் அதையும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கட்டளைத் திரையில் வேலை செய்வது ஜிஎல்பிஐ-யில் மட்டும் செய்யாது.

சர்வரின் முகவரியாக ஐபி எண்ணைக் கொடுக்காதீர்கள். சான்றிதழில் முழுப் பெயர்தான் இருக்கும், எண்ணைக் கொடுத்தால் பெயர் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். இணையத்தில் தேடினால் எல்டாப்.கான்ஃப் கோப்பில் டிஎல்எஸ் ரெக்சர்ட் என்பதற்கு நெவர் என்று போடச் சொல்வார்கள். போட்டால் உடனே வேலை செய்யும், உண்மைதான். அதன்பின் எதிரே இருப்பது நம் சர்வர்தானா என்று பார்ப்பதையே நிறுத்திவிடும். பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது மாதிரி.

இப்போது கட்டளை. போனில் சொன்னது இப்படி: "எல்டாப்சர்ச் என்று அடி. இனி வரும் ஒவ்வொரு ஒற்றை எழுத்துக்கும் முன்னால் ஒரு சிறுகோடு. சின்ன எக்ஸ். பெரிய எச், அதற்கு அடுத்து எல்டாப்ஸ், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, கன்ட்ரோலரின் முழுப் பெயர். பெரிய டி, அடுத்து சர்வீஸ் அக்கவுண்டை மெயில் முகவரி மாதிரி அட் குறியோடு போடு. பெரிய டபிள்யூ, பாஸ்வேர்டை அது கேட்கும், வரியிலேயே எழுதாதே, ஹிஸ்டரியில் தங்கிவிடும். சின்ன பி, அடுத்து எங்கே தேட வேண்டும் என்பது. கடைசியில் அடைப்புக்குறிக்குள் சாம்அக்கவுண்ட்நேம் சமம் உன் லாகின் பெயர்." சாம்அக்கவுண்ட்நேம் என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது.

எங்கே தேடுவது என்ற பேஸ் டிஎன்னில் ஒரு பழைய பொறி இருக்கிறது. விண்டோஸ் திரையில் யூசர்ஸ் என்ற ஃபோல்டர் தெரிகிறது அல்லவா? அதை ஓயூ சமம் யூசர்ஸ் என்று எழுதத்தான் கை போகும். அது ஓயூ அல்ல, விண்டோஸ் தன்னோடு கொண்டுவந்த கன்டெய்னர். அதற்கு சிஎன் சமம் யூசர்ஸ் என்று எழுத வேண்டும். டைரக்டரிக்குள் நீங்களாக உருவாக்கிய பிரிவுகள் ஓயூ. சரியான எழுத்தைப் போடாவிட்டால் "அப்படி ஒரு பொருளே இல்லை" என்று 32-ஆம் எண் பிழை வரும். டொமைனின் உச்சியிலிருந்து தேடிவிடலாமே என்றால், செய்யலாம், ஆனால் தேடல் வேறு பகுதிகளுக்குக் கை காட்டி, சில மென்பொருள்கள் அந்தக் கைகாட்டலைத் துரத்திக்கொண்டு போய் மூச்சு வாங்கும். ஆட்கள் எல்லோரும் ஒரு ஓயூ-வுக்குக் கீழே இருந்தால் அதையே கொடுங்கள்.

பிழை 49 வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை என்று அர்த்தம். அத்தோடு விட்டுவிடாமல் அந்த நீளமான வரியில் "டேட்டா" என்ற சொல்லுக்கு அடுத்து இருப்பதைப் படியுங்கள். 525 என்றால் அப்படி ஓர் ஆள் இல்லை. 52ஈ என்றால் பாஸ்வேர்ட் தப்பு. 532 காலாவதியான பாஸ்வேர்ட், என் திங்கட்கிழமைக்குக் காரணம் அதுதான். 533 முடக்கப்பட்ட அக்கவுண்ட், 701 தவணை முடிந்த அக்கவுண்ட், 773 முதல் முறை பாஸ்வேர்ட் மாற்ற வேண்டியவர், 775 பூட்டிக்கொண்டவர். இந்த ஏழையும் ஒரு மஞ்சள் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். ஜிஎல்பிஐ-யில் தப்பான பாஸ்வேர்டை அடித்துக்கொண்டே இருந்தாலும் அந்த ஆளின் விண்டோஸ் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும் என்பதை யூனிட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

ஆளை எந்த அடையாளத்தால் பிடிக்கிறோம் என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஒரு பெண், கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றித் தரச் சொன்னார். அப்பா பெயருக்கு ஆர் இருந்தது, கணவர் பெயருக்கு எம் வந்தது. நான் ஆக்டிவ் டைரக்டரியில் பெயரையும் லாகினையும் சேர்த்தே மாற்றினேன். மறுநாள் போன்: "அக்கா, நான் போட்ட டிக்கெட் எல்லாம் எங்கே?" ஜிஎல்பிஐ அவரைப் புது ஆள் என்று நினைத்துப் புதிதாக ஒரு அக்கவுண்ட் திறந்திருந்தது. அவருடைய 17 டிக்கெட்டும், பெயரில் இருந்த லேப்டாப்பும் பழைய ஆளிடம். லாகின் மட்டும் மாறியிருந்தால் டைரக்டரியில் உள்ள முழு முகவரியை வைத்து ஜிஎல்பிஐ அவரைக் கண்டுபிடித்திருக்கும். பெயரை மாற்றியதில் அந்த முகவரியும் மாறிவிட்டது, பிடிக்க எதுவும் மிச்சமில்லை.

நம் ஊரில் பெயர் நிலையானது அல்ல. கல்யாணத்தில் இனிஷியல் மாறும், எண் கணிதம் பார்த்து எழுத்துக் கூடும். எங்களிடம் எஸ். குமார் மட்டும் நான்கு பேர், ஒருவர் விலகியதும் அவருடைய லாகின் அடுத்த குமாருக்குப் போய்விடுகிறது. ஆகவே ஆளைப் பெயரால் பிடிக்கக் கூடாது. ஆக்டிவ் டைரக்டரி ஒவ்வொருவருக்கும் ஆப்ஜெக்ட்ஜியூஐடி என்று ஓர் எண் கொடுக்கிறது. பெயர் மாறினாலும், துறை மாறினாலும், வேறு ஓயூ-வுக்கு நகர்ந்தாலும் அது மாறாது. கட்டளைத் திரையில் அதைக் கேட்டால் பெயருக்கு அடுத்து இரண்டு முக்காற்புள்ளிகளும் புரியாத எழுத்துக் கோவையும் வரும், பயப்பட வேண்டாம். ஜிஎல்பிஐ-யில் சிங்க்ரனைசேஷன் ஃபீல்ட் என்ற கட்டம் காலியாக விடலாம் போலத்தான் தெரியும். அதில் ஆப்ஜெக்ட்ஜியூஐடி என்று முதல் நாளே போடுங்கள். நான் விட்டது அதைத்தான். ஆட்கள் உள்ளே வந்து டிக்கெட் சேர்ந்த பிறகு ஒட்டுப்போடுவது பெரிய வேலை.

மூன்றுக்கும் பதில் வந்தபின் திரைக்குப் போங்கள். செட்டப், அதென்டிகேஷன், எல்டாப் டைரக்டரிஸ், கூட்டல் குறி. மேலே ஆக்டிவ் டைரக்டரி என்று ஒரு முன்னமைப்பு இணைப்பு இருக்கும், அதை அழுத்தினால் ஃபில்டரும் (யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற வடிகட்டி) லாகின் கட்டமும் தானே நிரம்பும். சர்வர் கட்டத்தில் எல்டாப்ஸ் என்று தொடங்கும் முழு முகவரி, போர்ட் 636, மற்றவை கட்டளைத் திரையில் வேலை செய்ததை அப்படியே. அங்கிருந்து காப்பி செய்யுங்கள், மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள்.

அந்த ஃபில்டரில் 1.2.840.113556.1.4.803 என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அதைக் குப்பை என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். முடக்கப்பட்டவர்களை விலக்குவது அதுதான். சாதாரண அக்கவுண்டின் நிலை எண் 512, முடக்கினால் 2 கூடி 514. அப்படியானால் 514 உள்ளவரை விலக்கு என்று எழுதினால் போதாதா? போதாது. பாஸ்வேர்ட் காலாவதி ஆகாது என்று டிக் போட்டவருக்கு 65536 கூடி 66048 ஆகும், முடக்கினால் 66050. அவர் 514 வலையில் விழமாட்டார். அந்த நீண்ட எண் கூட்டுத்தொகையைப் பார்க்காமல், உள்ளே 2 இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

குழுக்களைப் பற்றி. மெம்பர்ஆஃப் என்ற விவரத்தை வைத்து, இந்தக் குழுவில் இருப்பவருக்கு டெக்னீஷியன் உரிமை, மற்ற எல்லோருக்கும் டிக்கெட் போடும் உரிமை மட்டும் என்று ரூல்ஸ் பகுதியில் விதி எழுதலாம். மெம்பர்ஆஃப் நேரடிக் குழுவை மட்டும்தான் காட்டும். குழுவுக்குள் குழு வைத்திருந்தால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். டொமைன் யூசர்ஸ் என்ற குழுவும் அதில் வராது. நான் விதிக்கென்றே ஒரு தட்டையான குழு உருவாக்கி, ஆட்களை நேராகச் சேர்த்துவிட்டேன். குழுவுக்குள் குழுவைத் தேட வேறொரு நீண்ட எண் உண்டு, ஆறு டெக்னீஷியனுக்கு அது தேவைப்படவில்லை.

ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் பக்கம் பக்கமாக வாங்கும் அமைப்பை இயக்குங்கள். ஆக்டிவ் டைரக்டரி ஒரே மூச்சில் 1000 பேருக்கு மேல் தராது. இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் ரெப்ளிகேட்ஸ் (மாற்று சர்வர்கள்) பகுதியில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஜிஎல்பிஐ நிறுவும்போதே நான்கு உள் அக்கவுண்டுகள் வரும், அவற்றின் பாஸ்வேர்ட் ஊர் அறிந்தது. மூன்றை முடக்கிவிட்டு, சூப்பர் அட்மின் ஒன்றை மட்டும் பாஸ்வேர்ட் மாற்றி வையுங்கள். டைரக்டரி படுத்துவிட்ட அன்று உள்ளே போக அந்த ஒன்றுதான் வழி. எங்களிடம் அது உறையில் ஒட்டி, கணக்குப் பிரிவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. என் திங்கட்கிழமை அதைத்தான் வாங்கிப் பிரித்தேன்.

சோதனைக்கு நான்கு தடவை நுழைந்து பாருங்கள். ஒரு சாதாரண ஆள், டெக்னீஷியன் குழுவில் ஒருவர், முடக்கப்பட்ட ஒருவர். நான்காவது, சரியான பெயரோடு பாஸ்வேர்ட் கட்டத்தைக் காலியாக விட்டு. பாஸ்வேர்ட் இல்லாமல் வரும் பைண்டை அடையாளம் இல்லாத வருகையாக ஏற்று எல்டாப் சர்வர் "சரி" சொல்ல இடமுண்டு. அந்தச் சரியை "பாஸ்வேர்ட் பொருந்தியது" என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் யார் வேண்டுமானாலும் யாராகவும் நுழையலாம். எந்த மென்பொருளை இணைத்தாலும் இந்தச் சோதனையை நான் விடுவதில்லை. உள்ளே விட்டால் அந்த மென்பொருளை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, விலகியவர்கள். டைரக்டரியில் காணாமல் போனவரை என்ன செய்வது என்று அதென்டிகேஷன் அமைப்பில் ஒரு கேள்வி இருக்கும். நான் முடக்கு என்று வைத்திருக்கிறேன், குப்பைத்தொட்டிக்கு அனுப்பு என்பதை அல்ல, பழைய டிக்கெட்டில் பெயர் நிற்க வேண்டும். முடக்கப்பட்டவர்கள் ஃபில்டரில் வருவதில்லை என்பதால் அவர்களும் காணாமல் போனவர்களாகவே கணக்காவார்கள், அது நமக்கு வேண்டியதுதான். ஆனால் பேஸ் டிஎன்னில் ஓர் எழுத்து பிசகினால் யூனிட்டில் உள்ள அத்தனை பேரும் காணாமல் போனவர்கள் ஆகிவிடுவார்கள். அதனால் ஜிஎல்பிஐ-யின் ஆட்களை டைரக்டரியோடு ஒத்துப்பார்க்கும் சிங்க்ரனைஸ் ஓட்டுமுன் டேட்டாபேஸை பேக்கப் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டேன் என்றான் தம்பி. எவ்வளவு சைஸ் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இருங்கக்கா, இப்ப எடுக்கறேன்" என்றான்.